ஒரு வழக்கை முடிக்காமல் வைத்திருந்தவர்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தது நான்தான். மறுமுனையில் ஒரு போலீஸ்காரர். லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் ஒருவர் விழுந்துவிட்டார், சட்டைப்பையில் உங்கள் அலுவலக அட்டை இருக்கிறது என்று இந்தியில் சொன்னார். அட்டையில் இருந்த பெயரைப் படிக்க அவருக்கு வரவில்லை. "குலந்த்... வேல்... கோயி மதராசி நாம் ஹை", ஏதோ மதராசிப் பெயர் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்டேன். கொண்டுபோனோம், வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். குழந்தைவேலு என்ற பெயரை நான் அவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியின் முதுகில், வெள்ளிக்கிழமை மறந்துவிட்டுப் போன பழுப்பு ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவரை அறிந்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசியவர்களில் ஒருவர், "நல்ல மனிதர், கை சுத்தம், ஆனால் ஒரு கேஸை முடிக்கத் தெரியாதவர்" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அவர் ஏன் முடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று வாயைத் திறக்க முடியாத காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

அவசரநிலைக் காலத்தில் தில்லியின் நடுவில் இருந்த குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி யமுனைக்கு அப்பால் இறக்கியது நம் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்துக்கு இருபத்தைந்து சதுர கஜம் அரசாங்க நிலம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நம் குவார்ட்டர்ஸின் முன்னறையைவிடக் கொஞ்சம் பெரிய இடம். சீட்டு எழுதியது அவசரத்தில். ஒரே மனைக்கு இரண்டு சீட்டு, சீட்டில் இருக்கும் எண்ணுக்குத் தரையில் மனையே இல்லை, எல்லைக்கல் ஓரிடத்தில் குடிசை ஓரிடத்தில் என்று தகராறுகள் கிளம்பின. அவற்றைக் கேட்டு, அளந்து, இது யாருடையது என்று உத்தரவு போடும் வேலை குழந்தைவேலுவுக்கு வந்தது. அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு.

கரூர் பக்கத்துக்காரர். முன்கோபி. டீ ஆறியிருந்தால் கொண்டுவந்தவரைப் பார்க்காமலே திருப்பி அனுப்புவார். குடையை யாருக்கும் இரவல் தரமாட்டார். கறுப்புக் கோட்டு வக்கீல்கள் உள்ளே வந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார். என்னை முதல் நாளிலிருந்தே 'அம்மிணி' என்றுதான் கூப்பிட்டார். நாகர்கோவில்காரியான எனக்கு அது புதிதாக இருந்தது. உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்பார்: "தோக்கறவன் இன்னைக்கு எங்கீங்க படுப்பான்?" அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அஞ்சலை, ராம்பியாரி என்ற இரண்டு பெண்களின் வழக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அஞ்சலைக்குச் செய்யாறு பக்கம். கட்டட வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் நொண்டி. மூன்று பெண் குழந்தைகள். கடைசி, அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டே நிற்கும். ராம்பியாரி அல்வார் பக்கத்து விதவை. கல் சுமந்து இரண்டு பையன்களை வளர்த்தவள். வெவ்வேறு இடத்தில் குடிசை இழந்து, வெவ்வேறு லாரியில் வந்து இறங்கிய இவர்கள் இருவர் கையிலும் ஒரே மனையின் சீட்டு. இரண்டிலும் கையெழுத்து உண்மை, முத்திரை உண்மை. மனையின் நடுவில் ஓலைப் பாயைக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு, நாளெல்லாம் சண்டை போட்டார்கள்.

விசாரணைக்கு ராம்பியாரியோடு அவள் தெருவே வந்தது. மதராசி சாஹப் மதராசிக்குத்தான் கொடுப்பார் என்று வராந்தாவில் சத்தமாகவே பேசினார்கள். குழந்தைவேலு காதில் அது விழுந்தது. ராம்பியாரியின் சீட்டு ஒரு நாள் முந்தியது. அதை வைத்து மனை அவளுக்கு என்று உத்தரவிட்டார். அஞ்சலைக்கு வேறு மனை தரும்படி மேலிடத்துக்குப் பரிந்துரையும் எழுதினார். தமிழில் அவரே அவளுக்கு விளக்கினார். அவள் அழவில்லை.

"நீங்க தமிழ் ஆளுன்னு தெரிஞ்சப்பவே எனக்கு பயம் வந்துடுச்சு சார்" என்றாள். "நம்மாளுக்கே குடுத்துட்டான்னு யாருனா சொல்லிடுவாங்களோன்னு நீங்க பயப்படுவீங்க. அந்தப் பயத்துல என்னத் தெருவுல வுட்டுடுவீங்கன்னு அன்னிக்கே எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னேன்."

அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது, சட்டப்படி சரிதானே என்று என்னைக் கேட்டார். தேதி முந்தியதுதானே சார் என்றேன்.

வேறு மனை வரவில்லை. காலியான மனையே இல்லை என்று பதில் வந்தது. அவர் மறுபடி எழுதினார், மறுபடி அதே பதில். அஞ்சலை குடும்பம் காலனியை ஒட்டிய சாக்கடைக் கரையில் பழைய சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தது. அந்த மழைக்காலத்தில் யமுனை பெருகியது. காலனி முழுவதும் தண்ணீர். ஜனங்கள் சட்டி பானையோடு ஆற்றின் மேட்டுக் கரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

தண்ணீர் வடிந்தபின் எல்லைக் கற்களைப் பார்க்க நாங்கள் போனோம். பாதிக் கற்களைக் காணவில்லை. இருந்தவையும் இடம் மாறிக் கிடந்தன. ராம்பியாரியின் குடிசை வாசலில் நாங்கள் நின்றபோது உள்ளேயிருந்து மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தவள் அஞ்சலை. மறுபடி ஆக்கிரமித்துவிட்டாள் என்று நினைத்துக் குழந்தைவேலு முகம் சிவந்தார். பின்னாலேயே ராம்பியாரி வந்தாள். நான்தான் கூப்பிட்டேன் சாஹப் என்றாள்.

குழந்தைவேலு குழந்தைகளைப் பார்த்தார். பிறகு அஞ்சலையிடம், "சின்னது எங்கம்மா?" என்று கேட்டார்.

"கரை மேல இருந்தப்போ பேதி கண்டுச்சு சார். ரெண்டு நாளு. போயிடுச்சு." அவள் கையிலிருந்த மாவைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "டீ போடட்டுங்களா சார்?"

அவர் அங்கே கிடந்த ஈரச் செங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ராம்பியாரிதான் மீதியைச் சொன்னாள். சாக்கடைப் பக்கத்திலிருந்து அந்தக் குழந்தை இரவெல்லாம் அழுவது தன் குடிசைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு திரும்பி வந்து படுத்தபோது அந்தச் சத்தம் இல்லை. சத்தம் நின்றபின் தனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் போய் அஞ்சலையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்ததாகச் சொன்னாள். இரண்டு பேர் பெயரையும் எழுதிவிடுங்கள் சாஹப், எங்களுக்குச் சண்டை இல்லை என்றாள்.

அதன் பிறகு குழந்தைவேலு பழைய ஆளாக இல்லை. அவர் மனைவி பாக்கியம் அம்மாள் என்னிடம் வந்து, ஆபீசில் என்ன நடந்தது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்டார். நான் பாதிதான் சொன்னேன்.

இரண்டு பெயரையும் எழுத முடியுமா என்று அவர் மேலதிகாரியிடம் போனார். நானும் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். ஒரு மனை ஒரு குடும்பம், விதி அவ்வளவுதான் என்றார் மேலதிகாரி. தனக்குக் கொடுத்த அரசாங்க நிலத்தில் ராம்பியாரி இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தால் அது விதிமீறல், அவள் சீட்டும் ரத்தாகும், எழுதி அனுப்புங்கள் என்றார். உதவி கேட்கப் போனவர், உள்ளதையும் கெடுத்துவிட்டோம் என்ற பீதியோடு வெளியே வந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சண்டை இருக்கற வரைக்கும்தானுங்க ரெண்டு பேரும் அங்க இருக்கலாம்" என்றார் திடீரென்று. "கேஸு நடக்கறப்ப யாரையும் காலி பண்ண முடியாது. சமாதானம் ஆயிட்டாத்தான் ரெண்டு பேத்தையும் வெளிய போடுவாங்க."

அன்றே அவர் ஒரு குறிப்பு சொல்ல, நான் எழுதினேன். வெள்ளத்தில் எல்லைக் கற்கள் பெயர்ந்துவிட்டன. அந்த வரிசையின் எல்லையே தெளிவாக இல்லை. ஆகவே பழைய உத்தரவை நிறுத்திவைத்து, இரு தரப்பையும் மறுபடி விசாரிக்க வேண்டும். அதில் ஒரு பொய்யும் இல்லை. அளக்கத் தொடங்க வேண்டிய முதல் கல்லே போய்விட்டிருந்ததால், சர்வேயர் அளக்கும் ஒவ்வொரு முறையும் மனை ஒரு முழம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தது. பிறகு இரண்டு பெண்களையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒருத்திக்குத் தமிழிலும் இன்னொருத்திக்குத் தன் உடைந்த இந்தியிலும் சொன்னார்: என் முன்னால் நீங்கள் எதிரிகள். தாரீக்குக்குத் தாரீக் வந்து சண்டை போட வேண்டும். தாரீக் என்றால் விசாரணைக்குக் குறிக்கும் நாள். தில்லியில் கோர்ட்டுப் பக்கம் போகாதவர்களுக்குக்கூடத் தெரிந்த வார்த்தை.

முதல் தாரீக்கில் அவர்களுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. ராம்பியாரி, இவள் என் இடத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அஞ்சலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டாள். அறையில் வேறு வழக்குக்காரர்கள் இருந்தார்கள். குழந்தைவேலு தமிழில் சீறினார்: "சிரிச்சீன்னா ரெண்டு பேத்துக்கும் ஊடு போயிரும்." அவள் சிரிப்பு நின்றது. பயந்து போய்க் கத்த ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டார்கள். தனித்தனியாக வராந்தாவுக்கு வருவார்கள், பெஞ்சின் இரு முனையில் உட்காருவார்கள், உள்ளே வந்து கத்துவார்கள், அடுத்த தாரீக் வாங்கிக்கொண்டு போவார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போனபின்தான் ஒருத்திக்காக ஒருத்தி காத்து நிற்பாள்.

ஒரு தாரீக்கை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்த அஞ்சலை, நடுவில் குரல் மாறி, இத்தனை ஆண்டில் பழகிய இந்தியில், "உன் சீட்டுதான் என் குழந்தையைக் கொன்றது" என்றாள். நாடகம் அங்கே நின்றுவிட்டது. ராம்பியாரி தலையில் இருந்த துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அஞ்சலை குழந்தைவேலுவைப் பார்த்தாள். அந்தச் சீட்டை உயர்த்திப் பிடித்துத் தீர்ப்பு எழுதியது யார் என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும், நாலாவதாக எனக்கு. அவர் எனக்கு வாசகம் சொல்ல முயன்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நானே எழுதினேன்: இரு தரப்பும் தத்தம் உரிமையை வலியுறுத்தினர். அடுத்த தாரீக்கை அவர் விரலால் காலண்டரில் தொட்டுக் காட்டினார்.

அன்று பஸ் நிறுத்தத்தில் ராம்பியாரி காத்து நிற்பாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். நின்றாள். அஞ்சலை வந்ததும் இருவரும் பேசாமல் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

ஆண்டுகள் போயின. ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. அதிகாரிகள் வந்து போனார்கள். ஒவ்வொரு ஆய்விலும் அந்த வழக்கு நிலுவைப் பட்டியலின் தலையில் நின்றது. குழந்தைவேலுவின் பதவி உயர்வு ஒரு முறை அதனால் நின்றது. இன்னொரு முறை உயர்வு சண்டிகருக்கு மாற்றத்தோடு வந்தது. அவர் மறுத்துவிட்டார். குடும்ப காரணம் என்று எழுதிக் கொடுத்தார். பாக்கியம் அம்மாள் அதற்காக அவரோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

பிறகு பெயரில்லாத புகார் ஒன்று போனது. இரண்டு பக்கமும் லஞ்சம் வாங்கிக்கொண்டு கேஸை இழுக்கிறார் என்று. விசாரணை நடந்தது. அவர் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக்கூட எண்ணினார்கள். ஏன் இத்தனை காலம் முடிக்கவில்லை என்ற கேள்விக்கு, எல்லை தெளிவாகவில்லை என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "லஞ்சம் வாங்கினேன்னு ஒத்துக்கிட்டாக்கூட என் வேலை மட்டுந்தானுங்க போகும். நெசத்தைச் சொன்னா அவங்க ஊடு போயிருமே அம்மிணி." புகார் நிரூபணமாகவில்லை. ஆனால் அலுவலகத்தில் அவரைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. அவரோடு டீ குடிக்க வந்தவர்கள் வேறு மேஜைக்குப் போனார்கள்.

கடைசி இரண்டு குளிர்காலமாக அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டரிடம் போகச் சொன்னால், அடுத்த தாரீக் முடியட்டும் என்பார். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. "நான் போயிட்டா இதை யாருங்க இழுப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டார். நான் சுருக்கெழுத்துக்காரி. தாரீக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. உங்கள் நாற்காலிக்கு யார் வருகிறாரோ அவரிடம் சொல்லிப் பார்க்கலாம் சார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். யாரிடம் சொன்னாலும் சொன்ன கணமே விதிமீறல் கேட்டவரின் கவனத்துக்கு வந்துவிடும். வந்தபின் அவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அது எனக்கும் தெரியும்.

அவர் இறந்த மறுநாள் அந்த இரண்டு பெண்களுக்கும் தாரீக். காலையில் வராந்தாவில் பெஞ்சின் இரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் சொன்னேன். வீட்டு விலாசத்தையும் சொன்னேன். பம்பாயிலிருந்து அவர் தம்பி வருவதற்காக உடலை மதியம்வரை வைத்திருந்தார்கள்.

குவார்ட்டர்ஸின் கீழே, புல்தரையில் கிடத்தியிருந்தோம். அலுவலகம் முழுவதும் வந்திருந்தது, இப்போதைய மேலதிகாரியும் வந்தார். கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தின் கீழ் அஞ்சலை நின்றாள். எதிர் ஓரத்தில், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் ராம்பியாரி. ஒருத்தி ஒருத்தியைப் பார்க்கவில்லை. ஆபீஸ்காரர்கள் இருக்கிறார்கள் என்பதால், அவர் போட்ட கட்டளையை அவர் உடலின் முன்னாலும் காப்பாற்றினார்கள். அஞ்சலையின் தோள் குலுங்கியது. ராம்பியாரி ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். என் பக்கத்தில் நின்ற மேலதிகாரி அவர்களை அடையாளம் கண்டுகொண்டு, "பாருங்கள், வழக்கின் இரண்டு கட்சியும் வந்திருக்கிறது, பாரபட்சம் இல்லாத மனிதர்" என்றார். அவர் மனதாரச் சொன்னார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

குழந்தைவேலுவின் நாற்காலிக்கு வந்தவர் இளைஞர், நேர்மையானவர், சுறுசுறுப்பானவர். நிலுவையில் இருப்பதையெல்லாம் முடிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு வந்தவர். அந்த வழக்கை மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே சார் என்று கேட்டேன். இத்தனை ஆண்டு நிலுவை இந்த அலுவலகத்துக்கே அவமானம் மேடம் என்றார். முன்னறிவிப்பு இல்லாமல் ஆளை அனுப்பினார். போனவர் குடிசைக்குள் ஒரே அடுப்பையும், ஒரே உலையில் வெந்த சோற்றையும் பார்த்தார். தகராறு இல்லை, கூட்டாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு சீட்டும் ரத்து. ஒரே தாரீக்கில் முடிந்தது. உத்தரவைத் தட்டச்சு செய்தது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை யமுனையைத் தாண்டிப் போனேன். மனையைச் சுற்றி வேலி போட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு போனதில், சாக்கடைக் கரையில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கூரை என்பது பாலிதீன். அஞ்சலையின் மூத்த பெண் ராம்பியாரியின் பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். மேல் முறையீடு செய்யலாம், நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். யார் பெயரில் என்று அஞ்சலை கேட்டாள். ராம்பியாரி பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப் கிஸ்கே சாம்னே லடேன், பெஹன்ஜி?" இனி யார் முன்னால் நாங்கள் சண்டை போடுவது என்று கேட்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ் போவதற்குள் கிளம்பினேன்.

குழந்தைவேலுவை அறிந்தவர்களே, அவர் நீதியை நிலைநாட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை சட்டப்படி தீர்ப்புச் சொன்னார், ஒரு குழந்தை போய்விட்டது. அதன்பின் தீர்ப்பே சொல்லாமல், இரண்டு குடும்பங்கள் கூரையின் கீழ் தூங்கும்படி, தன் பெயர் கெடக் கெட நாளை நகர்த்தினார். அவர் உயிரோடு இருந்தவரை அது நடந்தது. பிறகு நடக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அவருடைய பயம். மேஜைமேல் இன்றைக்கு வேறு வழக்குகள், வேறு மனைகள். தட்டச்சில் 'உத்தரவு' என்ற வார்த்தைக்கு வரும்போது என் விரல்கள் நடுங்குகின்றன. எங்கோ ஒருத்தி மூட்டை கட்டுவது எனக்குத் தெரிகிறது. நடுக்கம் நிற்பதற்காகக் காத்திருக்கிறேன். அது நிற்பதில்லை. நடுங்கியபடியே அடித்து முடிக்கிறேன்.